மேற்கே பார்த்து நின்ற உன் அப்பா

தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகவும், அடுத்த மாதம் படம் எடுக்க நம் பக்கத்துக்கே வருவதாகவும் எழுதியிருந்தாய். சந்தோஷம். உன் முதல் படம். ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், பால் ஊற்ற வருகிறவள் உட்பட. ஆனாலும் நீ பொங்கலுக்கு உன் சிநேகிதர்களோடு வந்துவிட்டுப் போனதிலிருந்து என் மனசில் ஒன்று குடைந்துகொண்டே இருக்கிறது. அப்போதே சொல்லியிருப்பேன். விருந்தாளிகளின் இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டே பெற்ற பிள்ளையைத் திட்டுவது நன்றாயிருக்காது என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாய் அவ்வளவு நேரம் மூடிக் கிடந்ததைப் பார்க்க உன் அப்பா இல்லாமல் போய்விட்டார். இருந்திருந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்டிருப்பார்.

அன்றைக்கு நீ கதை சொன்னாய். யுத்த காலத்தில் குன்னம் பக்கத்தில் ஒருத்தன் தன்னைத்தானே அவதாரம் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஊரையே ஏமாற்றினான், ஏர் பூட்டாதே என்றான், விதைத் தானியத்தை ஆக்கித் தின்னச் சொன்னான், சூரியன் மேற்கே உதிக்கும் என்று எல்லாரையும் நிற்க வைத்தான், கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். உன் சிநேகிதர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கழுத்தை நீட்டி, எக்கி எக்கி மேற்கே பார்த்து நின்று காட்டினாய். "இப்படியே நிக்கிறான் சார் ஒருத்தன், கொக்கு மாதிரி. யாரு தெரியுமா? எங்கப்பா!" என்றாய். ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது. அந்த வேஷத்துக்குக் காமெடி நடிகர் ஒருத்தரைப் பார்த்தாகிவிட்டது என்றாய். தங்கராசு என்கிற என் பேர் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறது, படத்தில் ராஜ் என்று போட்டுக்கொள்ளப் போகிறேன் என்றும் சொன்னாய். நான் ரசம் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன், ரசம் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.

உனக்கு இந்தக் கதையைச் சொன்னது உன் மாமா. அவன் அப்போது திருச்சியில் மளிகைக் கடையில் இருந்தான். எல்லாம் அடங்கின பிறகு ஊருக்கு வந்து, டீக்கடையில் கேட்டதை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கச் சிரித்தான். உன் அப்பா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. மாமா சிரிக்கும்போது அவரும் கூடவே லேசாகச் சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். அதனால் இனி நான்தான் சொல்ல வேண்டும். படித்துவிட்டுப் பிறகு உன் இஷ்டப்படி எடு. நீ சம்பாதிக்கிற பிள்ளை, உன்னை நான் அதட்ட முடியாது.

அவர் பேர் நல்லமுத்து. நம் ஊருக்கு ரொம்பத் தள்ளிப் பிறந்தவர் இல்லை. சின்ன வயசில் பிழைக்க ரங்கூனுக்குப் போனார், அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஜனங்கள் நடந்தே கிளம்பினார்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய். அப்படிக் கிளம்பியவர்களில் அவரும் ஒருத்தர். காடு, மலை, சேறு, காய்ச்சல். பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் ஒவ்வொரு இடத்தில் விட்டுவிட்டு, அவர் மட்டும் ஊர் வந்து சேர்ந்தார். விட்டுவிட்டு என்றால் புதைக்கக்கூட முடியாமல். ஏரிக்கரை வேலமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். யாராவது சோறு கொடுத்தால் தின்பார். கேட்டால் பதில் சொல்வார். "நான் வழியிலயே செத்துட்டேன்யா. யாரோ திருப்பி அனுப்பிட்டாங்க" என்பார். ஜனங்கள் பாவம் என்று போனார்கள்.

அந்த வருஷம் ஏரி வற்றி, மிச்சமிருந்த சேற்றுத் தண்ணீரைக் குடித்து வாந்திபேதி வந்தது. தெருவில் ஒரு வீட்டில் வந்தால் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கும். அண்ணன் வீட்டில் தம்பி எட்டிப் பார்க்கமாட்டான். நல்லமுத்து மட்டும் வேலமரத்தடியிலிருந்து எழுந்து வந்து வீடு வீடாகப் போனார். நோயாளி வாந்தி எடுத்ததைக் கையால் வழித்துப் போட்டார், கஞ்சித் தண்ணீர் புகட்டினார், செத்தவர்களைத் தூக்கிப் போய்ப் புதைத்தார். மேலத்தெரு, சேரி என்று பார்க்கவில்லை. உனக்கு ஒரு அக்காள் இருந்தாள், உனக்குத் தெரியும், பேர் செல்லம். அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். அவள் போனபோது உன் அப்பாவுக்கும் எனக்கும் எழுந்திருக்கத் திராணியில்லை, எங்களுக்கும் அதே நோய். வாசலில் ஒருத்தர் வரவில்லை. அந்த மனுஷன்தான் வந்தார். தன் தோளில் கிடந்த துண்டை உதறி விரித்து அதில் அவளைச் சுற்றினார். "தலை நனையாம பாத்துக்கறேன் தாயி" என்றார். அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எந்த மழையில், எந்தப் பிள்ளையைத் தூக்கி நடந்த நினைவில் அதைச் சொன்னாரோ தெரியாது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

நோய் அடங்கினதும் ஊர் அவரைக் கும்பிடத் தொடங்கியது. அவர் கேட்கவில்லை. பிழைத்து எழுந்தவர்கள் ஒவ்வொருத்தராகப் போய் காலில் விழுந்தார்கள். "நீங்க யாருங்க? சொல்லுங்க சாமி" என்று துளைத்தார்கள். நாலா பக்கமும் கும்பிட்டுக்கொண்டே நின்றால் எந்த மனுஷனுக்கும் பதில் சொல்லத் தோன்றிவிடும். ஊரைக் காப்பாற்ற ஒரு அவதாரம் வரப்போகிறது என்று அப்போது ஜனங்களிடம் ஒரு பேச்சு உண்டு. ஒரு நாள் சொல்லிவிட்டார். "வரப்போறவர் வரப்போறவர்னு சொல்லிட்டிருந்தீங்கள்ல, அது நான்தான். வந்துட்டேன்." அன்றிலிருந்து அவருக்கு வந்தவர் என்று பேர். குன்னத்திலிருந்தும் அரியலூர்ப் பக்கமிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அவர் ஒரு காணிக்கை வாங்கவில்லை. போட்டிருந்த கிழிந்த கோட்டைக்கூட மாற்றவில்லை. உன் படக்கதையில் அவருக்குப் பட்டுப் போர்வையும் தங்கச் சங்கிலியும் போட்டிருக்கிறாய் என்று கேள்வி. கழற்று அதை.

நான் நம்பினேனா என்று கேட்பாய். இல்லை. எனக்குப் பிறவியிலேயே அந்தக் குணம் கிடையாது. சாமி கும்பிடும்போதே விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறவள் நான். ஆனால் உன் அப்பா நம்பினார். செல்லம் போன பிறகு அவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வந்தவர் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்குத்தான், "இன்னுங் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினார். அந்தச் சத்தத்துக்கு நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உனக்கு எப்படிச் சொல்ல?

சித்திரை பிறந்தது. சித்திரையில் நம் பக்கம் பொன்னேர் பூட்டுவோம், ஊர் மொத்தமும் ஒரே நாளில் ஏரைக் கொண்டுபோய் முதல் சால் உழுவது. வந்தவர் வேண்டாம் என்றார். "மண்ணும் அழுதுட்டு கெடக்கு. இந்த வருஷம் அதைக் கீறாதீங்க. தானா வெளையும். ஆனி கடைசியில ஒரு நாள் சூரியன் மேற்க உதிக்கும். அன்னைக்குப் போனவங்க எல்லாம் அவங்கவங்க வூட்டுக்கு வந்துடுவாங்க" என்றார். நான் நேரே போய்க் கேட்டேன். "ஏர் பூட்டலைன்னா மாடு என்னங்க பண்ணும்?" "அதுக்கும் ஓய்வு வேணுமில்ல தாயி?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம். அந்த மனுஷன் தானே நம்பிக்கொண்டிருந்தார். தன் பிள்ளைகள் வருவார்கள் என்று அவர்தான் எல்லாரையும்விட அதிகமாக நம்பினார்.

அடுத்து விதையைக் கேட்டார். வருகிறவர்கள் பசியோடு வருவார்கள், ஊரே ஒன்றாக ஆக்கிப் படைக்க வேண்டும், இனி விதை எதற்கு என்றார். நம் வீடுகளில் விதைப்பானை பெண்கள் பொறுப்பு. சாம்பலும் வேப்பிலையும் போட்டு, வாயைச் சாணியால் மெழுகி மூடி வைப்போம். வீட்டில் பிள்ளை பசியால் அழுதாலும் அதைத் தொடமாட்டோம். என் பானையில் வரகு இருந்தது. உன் அப்பா வந்து என் முன்னால் நின்றார். கொடு என்று கேட்கவில்லை, நின்றார். எனக்குள் நீ தரித்திருந்தாய், எதைத் தின்றாலும் குமட்டல். நான் குளித்துவிட்டு வந்து பானை வாயில் மெழுகியிருந்த சாணியை உடைத்தேன். "செல்லம் வந்தா என் சமையல்தான் திம்பா, எடுத்துட்டுப் போங்க" என்றேன். நம்பித்தான் சொன்னேனா, அந்த முகத்துக்காகச் சொன்னேனா, எனக்கே விளங்கவில்லை. ஆனால் அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. இன்றைக்கு வந்து நின்று கேட்டாலும் கொடுப்பேன்.

ஊரெல்லாம் உரல் இடித்தது. இடிக்கிற ஒவ்வொருத்திக்கும் தெரியும், உமி போன வரகு இனி முளைக்காது என்று. தெரிந்துதான் இடித்தோம். வறண்டு கிடந்த ஏரிக்குள்ளேயே ஆக்கினோம், ஏரிக்குள்ளேயே பந்தி. மேலத்தெருக்காரர்களும் சேரிக்காரர்களும் ஒரே வரிசை. என் பக்கத்தில் அஞ்சலை. எங்கள் காட்டில் களை எடுக்கிறவள், அதுவரை எங்கள் வாசலுக்கு வெளியே நின்றே கஞ்சி வாங்கிக் குடித்தவள். அவளும் அந்த நோயில் தன் பெரிய மகனைக் கொடுத்திருந்தாள். என் இலையில் அவள் சோறு வைத்தாள், அவள் இலையில் நான் வைத்தேன். "ஒங்க பாப்பாவும் எம் பையனும் ஒண்ணாத்தாங்க வருவாங்க, வழி தெரியணுமில்ல" என்றாள். நீ இந்தப் பந்தியைத்தான் சிரிப்புக் காட்சியாக வைத்திருக்கிறாய், விதையைத் தின்னும் முட்டாள்கள் என்று. தம்பி, அப்படி ஒரு பந்தியை அதற்கு முன்னாலும் நான் நம் ஊரில் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. முட்டாள்தனம் செய்ததற்காக எங்களைச் சிரி, பரவாயில்லை. ஒன்றாக உட்கார்ந்ததற்காகச் சிரிக்காதே.

மறுநாள்தான் அவர் குறித்த நாள், விடியற்காலையில் எல்லாரும் ஏரிக்கரை மேல் மேற்கே பார்த்து நின்றோம். உன் அப்பா எனக்கு முன்னால் நின்றார். நீ காட்டினாயே, அதே மாதிரிதான், கழுத்தை நீட்டி, எக்கி எக்கி. உன் நடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது, அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தாய். ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. சூரியனைப் பார்க்க யாரும் எக்க மாட்டார்கள், அது தானே மேலே வரும். செல்லத்தைப் புதைத்த மேடு ஏரிக்கு மேற்கே, கருவேலம் புதர்களுக்குப் பின்னால் இருந்தது. அவள் நடந்து வந்தால் புதருக்கு மேலே தலை தெரியாது, அவ்வளவு சின்னது. அதற்காகத்தான் எக்கினார். கையில் ஒரு சின்ன வாழையிலை நறுக்கில் சோறு வைத்திருந்தார்.

சூரியன் எப்போதும் போலக் கிழக்கே வந்தது. முதுகில் சுட்டது. யாரும் திரும்பவில்லை. குழந்தைகள் அழுதன. ஒருத்தர் இருவராகக் கலைந்தோம். வந்தவர் மட்டும் மேற்கே பார்த்தபடி உச்சி வெயில் வரை உட்கார்ந்திருந்தார். அவர் மேல் ஒருவன் கல் எறிந்தான், நெற்றியில் பட்டது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. உன் அப்பா அவரைக் கைத்தாங்கலாக நம் வீட்டுக்குக் கூட்டி வந்தார். நான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். நன்றாகத் திட்டவும் திட்டினேன்.

ஆடி பிறந்ததும் மழை வந்தது தம்பி. அதுவரை ஏய்த்த மழையெல்லாம் சேர்த்துக் கொட்டியது. கரிசல் மண் குடித்துக் குடித்துப் பொங்கியது. ஏரி நிறைந்தது. பதமான மழை, பதமான ஈரம், கையில் விதை இல்லை. மழை பெய்யும்போது ஒரு ஊர் வாய்விட்டு அழுது நீ கேட்டிருக்க மாட்டாய். நான் கேட்டிருக்கிறேன். உன் படத்தில் அவன் ஓடிப்போனதாக வருவது இந்த இடத்தில்தான். ஓடவில்லை. மழையில் நனைந்துகொண்டே ஊர்ப் பொதுவில் வந்து நின்று, "நான் தப்பா சொல்லிட்டேன். நான் யாரும் இல்ல. எம் பிள்ளைங்க வரணும்னு ஆசைப்பட்டேன், அந்த ஆசை உள்ளுக்குள்ள போட்ட சத்தத்தை சாமின்னு நெனச்சுட்டேன்" என்றார். அவ்வளவு பேர் கும்பிட்ட ஒருத்தர், அவ்வளவு பேருக்கு நடுவே, அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சு வேண்டும்? எத்தனையோ பெரிய மனுஷர்களைப் பார்த்துவிட்டேன், தப்பு என்று சொன்னவரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

சொல்லிவிட்டு ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு விதைப்பிச்சைக்குக் கிளம்பினார். கூட யார் போனது? நீ கொக்கு என்று காட்டினாயே, அந்த மனுஷன். இரண்டு பேரும் சேற்றில் ஊர் ஊராக நடந்தார்கள். குரும்பலூரில் ஒரு பண்ணைக்காரர் வாசலில் வைத்துக் கேட்டாராம். "என்னய்யா, சாமியே பிச்சைக்கு வந்துட்டாரா?" உன் அப்பா சொன்னாராம்: "சாமி இல்லீங்க, சம்சாரி. பருவம் போயிட்டிருக்கு, சிரிச்சு முடிச்சுட்டுக் கொஞ்சம் விதை போடுங்க." அவர் சிரித்து முடித்துவிட்டுப் போட்டாராம். ஏலாக்குறிச்சியில் ஒரு கிழவி கேள்வியே கேட்காமல் முறம் நிறையக் கொட்டினாளாம். வரகு, கம்பு, தினை, சோளம், எல்லாம் ஒரே சாக்கில். பிரித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. அப்படியே வீட்டுக்கு வீடு பங்கு வைத்தோம், சேரிக்கும் சேர்த்து. அப்படியே விதைத்தோம்.

அந்த வருஷம் நம் காடு இருந்த கோலத்தை நீ எடுக்க வேண்டும். ஒரு முழத்தில் கம்பு, பக்கத்தில் தினை, நடுவில் சோளம், காலடியில் வரகு. ஒன்று முற்றும்போது ஒன்று பச்சை. அரிவாள் போட முடியாது, பெண்கள் நாங்கள் கதிர் கதிராகக் கிள்ளினோம், மாசக்கணக்கில். உன்னைச் சுமந்துகொண்டு நானும் கிள்ளினேன். அஞ்சலை திட்டுவாள், "குந்துங்கம்மா, புள்ள வரப்புல பொறந்துடும்" என்று. நல்லமுத்து எங்களோடு கூலி வாங்காமல் வேலை செய்தார். யாராவது சாமி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். ஊரில் பாதிப் பேர் அவர் முகத்தில் விழிக்கமாட்டார்கள், கோபம் நியாயம்தான். ஆனால் அந்த வருஷம் நம் ஊரில் பட்டினியால் ஒரு உயிர் போகவில்லை.

ஒரு நாள் களத்தில் உன் அப்பா அவரிடம் கேட்டார், "உங்க புள்ளைங்க பேரு என்னங்க?" என்று. அத்தனை கூட்டம் அவர் பின்னால் திரிந்ததே, ஒருத்தர் அதைக் கேட்டதில்லை. அவர் கதிரைக் கீழே வைத்தார். மூத்தவள் காமாட்சி என்றார். நடுவுள்ளவள் முத்தம்மா. அப்புறம் கடைக்குட்டிப் பையனின் பேரைச் சொன்னார். உன் அப்பா அதை மனசில் முடிந்துகொண்டார்.

தையில் நீ பிறந்தாய். கடைசி வரகு களத்துக்கு வந்த பிறகு நல்லமுத்து கிளம்பினார். வந்த வழியே திரும்பி நடக்கப் போவதாகவும், பிள்ளைகளை விட்ட இடங்களைத் தேடிப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். எங்கள் இருவரிடம் மட்டும்தான் சொன்னார், அதனால் ஊர் ஓடிப்போனான் என்று சொல்லிக்கொண்டது. நான் வரகுச் சோறு கட்டிக் கொடுத்தேன். "போயிட்டு வரேன் தாயி" என்றார். உன்னைக் கையில் வாங்கினார். "பேரு வெச்சாச்சா?" என்றார். உன் அப்பா சொன்னார். அந்த மனுஷன் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உன் காதோடு குனிந்து, "தங்கராசு, வூட்டுக்கு வந்துட்டியாய்யா" என்றார்.

படத்தை எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள். பேரை மட்டும் மாற்றாதே.

உன் அம்மா